இல்லாத புத்தகத்தின் எண்

என் சித்தப்பாவுக்கு மூன்று பெண்கள். மூன்றாவது பிறந்தபோது மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு, "சரி, இதுவும் வரட்டும்" என்றாராம். அந்த "இது"வைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். அவள் ஒரு கல்லூரியில் நூலகர். அங்கே அவளுக்கு "நம்பர் மேடம்" என்று பெயர். வீட்டில் வெறும் "நம்பர்". சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளக் காகிதத்தைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை.

நூலகத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எண் உண்டு. சமையல் என்றால் 641. போர் என்றால் 355. இவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே, "அண்ணி, 641 ரெடியா?" என்று என் மனைவியிடம் கேட்பாள். வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால், "355 ஆரம்பிச்சாச்சு, நான் கிளம்பறேன்" என்பாள். அவள் கணவர் மின்சார ஆபீசில் வேலை. நல்ல மனிதர், பேச்சு குறைவு. "இவருக்கு நம்பரே இல்லண்ணே. எந்த அலமாரியில வெச்சாலும் பேசாம இருப்பார்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அதே நூலகத்தில் நான் முப்பத்தைந்து வருஷம் அட்டெண்டர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எண் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிப்பேன். புத்தகத்தை அதனதன் இடத்தில் வைக்க அதற்குமேல் வேண்டியதில்லை. நூலகர் வேலை காலியானபோது அவளிடம் சொன்னவன் நான்தான். இருபத்தாறு வயதில் வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து நான் அண்ணன், அவள் அதிகாரி.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். வரலாற்றுத் துறைப் பேராசிரியர். என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான். எங்கள் வீட்டில் தங்கி அதே கல்லூரியில் படித்து அங்கேயே வேலைக்கும் வந்தவன். அப்படிப் பார்த்தால் அவனும் நம்பரும் கட்டிக்கொள்ளும் முறை. ஒரு காலத்தில் அந்தப் பேச்சும் அடிபட்டது. "புஸ்தகத்தத் திறந்து கவுத்து வைக்கிற ஆளு எனக்கு வேண்டாம்" என்று இவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். அவன் அதை முப்பது வருஷம் சொல்லிக் காட்டினான். முதல்வர் எங்கள் மூவரையும் ஒன்றாகப் பார்க்கும்போதெல்லாம், "இது காலேஜா, உங்க குடும்ப போட்டோவா?" என்பார்.

மாணவர்கள் கட்டுரை எழுதும் லட்சணத்தைப் பார்த்து மச்சான் நொந்துபோயிருந்த காலம் அது. கம்ப்யூட்டரில் முதலில் கண்ணில் படுவதை அப்படியே இறக்கிக் கொண்டுவந்து நீட்டுவார்கள். யார் எழுதியது, எப்போது எழுதியது என்று கேட்டால் விழிப்பார்கள். ஒருநாள் நூலகத்துக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"மேடம், என்ன எழுதணும்னு நான் சொல்லித் தர்றேன். எங்க தேடணும், எதை நம்பணும்னு சொல்லித் தர எனக்குத் தெரியல."

"எனக்குத் தெரியும் வாத்தியாரே. ஆனா என்னை யாரு வகுப்புக்குள்ள விடுவாங்க?"

அவன் விட்டான். முதல்வரிடம் நான்கு தடவை நடந்தான். "லைப்ரரியனுக்கு கிளாஸ் ரூம்ல என்ன வேலை? புத்தகம் எடுத்துக் குடுக்கிறதுக்குத்தானே சம்பளம்?" என்று ஒரு துறைத்தலைவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். நம்பர் தலைகுனிந்து நின்றதை நான் பார்த்தேன். கடைசியில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. பேர் "தேடும் வகுப்பு". இருவரும் சேர்ந்தே நிற்பார்கள். அவன் ஒரு கேள்வியைப் போடுவான். அதற்குப் பதில் எங்கே கிடைக்கும், கிடைத்தது உண்மையா என்று இவள் வழிகாட்டுவாள். முதல் நாள் வகுப்பு முடிந்து வந்தவள் கையைக் கழுவவேயில்லை. விரலில் சுண்ணாம்புக்கட்டி மாவோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள்.

அந்த முதல் வருஷம் இருவரும் ஒரு வேலை செய்தார்கள். எனக்கு இது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. இல்லாத ஒரு புத்தகத்தை உண்டாக்கினார்கள். "துறைமுகத் தொழிலாளர் கடிதங்கள்" என்று தலைப்பு. 331 என்று எண். நூலகக் கம்ப்யூட்டர் பட்டியலில் அதை ஏற்றி, மூன்று வரி சுருக்கமும் எழுதிப் போட்டான் மச்சான். படித்தால் நிஜம் தோற்றுவிடும். மாணவர்கள் பட்டியலில் பார்த்துவிட்டு அலமாரிக்கு ஓட வேண்டும், அங்கே இல்லை என்றதும் வாங்கிய புத்தகங்களின் பதிவேட்டைப் புரட்ட வேண்டும், கடைசியில் அப்படி ஒரு புத்தகமே இல்லை என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் பாடம்.

பாடம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அந்த வருஷத்துப் பிள்ளைகள் அடுத்த வருஷத்துப் பிள்ளைகளிடம் குட்டை உடைத்துவிட்டார்கள். வகுப்புக்குள் நுழையும்போதே "331 டூப்பு மேடம்" என்று ஒரே கூச்சல். சரி என்று பயிற்சியை மாற்றிவிட்டார்கள். பட்டியலிலிருந்து அதை இருவருமே நீக்கவில்லை. அவள் நீக்கியிருப்பாள் என்று அவனும், அவன் சொல்லும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவளும் இருந்துவிட்டார்கள்.

அதற்குமேல் நான் ஒன்று செய்து வைத்தேன். வருஷாவருஷம் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரியைச் சரிபார்ப்போம். புத்தகம் பைண்டிங்குக்குப் போயிருந்தால் அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையைச் சொருகி எண்ணை ஒட்டிவைப்பது வழக்கம். பட்டியலில் அந்த 331 இருந்தது, அலமாரியில் காணோம். எழுதினவர் பெயரை நான் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்ப்பேன். பைண்டிங் என்று நானே நினைத்துக்கொண்டு கட்டையைச் சொருகினேன். யாரையும் கேட்கவில்லை. அந்தக் கட்டையைப் பத்து வருஷம் நானே துடைத்தேன்.

பிறகு அந்தப் பெண் வந்தாள். தையல்காரர் மகள். மச்சானிடம் ஆய்வேடு எழுதினாள். தேடும் வகுப்பில் அவள்தான் கெட்டிக்காரி என்று நம்பரே சொல்லியிருக்கிறாள். துறைமுகக் கூலிகள் பற்றித்தான் அவள் ஆய்வு. 331 அலமாரிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அவளைத் தாண்டித்தான் நான் துடைக்க வேண்டும்.

"ஐயா, இந்தப் புக்கு எப்போ வரும்?" என்று கட்டையைக் காட்டிக் கேட்டாள்.

"பைண்டிங் போயிருக்கும்மா. வந்துடும்."

இரண்டு மாதம் கழித்து மறுபடி கேட்டாள். "வந்துடும்மா." மூன்றாவது தடவை, "என்னய்யா, தோலு உரிச்சுத் தச்சுக்கிட்டு இருக்காங்களா? எங்கப்பா அதுக்குள்ள நூறு சட்டை தச்சுடுவாரு" என்றாள். நானும் சிரித்தேன்.

புத்தகம் வரவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. பட்டியலில் இருந்த மூன்று வரிச் சுருக்கத்தை வைத்து ஒரு பத்தி எழுதி, அடிக்குறிப்பில் அந்தப் புத்தகத்தின் பெயரைப் போட்டுவிட்டாள். கடைசி நேர அவசரத்தில் மச்சான் அந்தப் பக்கத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தான். பார்க்காத புத்தகத்தைப் பார்த்ததுபோல எழுதியது அவள் தப்பு. ஆனால் பக்க எண்ணைத் துணிந்து கற்பனை செய்யவில்லை, அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். வெளியூர்த் தேர்வாளர் கண்ணில் அதுதான் பட்டது. அவர் எங்கெங்கோ தேடிவிட்டு, "இப்படி ஒரு நூலே உலகத்தில் இல்லை. இது பொய்ச் சான்று" என்று எழுதிவிட்டார்.

விசாரணை வைத்தார்கள். முதல்வர், இரண்டு துறைத்தலைவர்கள், வழிகாட்டி என்ற முறையில் மச்சான். புத்தகம் உண்டா இல்லையா என்று சொல்ல நம்பர். குற்றம் உறுதியானால் மூன்று வருஷம் தடை, பட்டம் கிடையாது. பதிவேடுகளைத் தூக்கிக்கொண்டு நானும் போய்ச் சுவரோரம் நின்றேன்.

முதல்வர் புத்தகத்தின் பெயரைப் படித்தார். பிறகு எழுதினவர் பெயரைப் படித்தார். சொந்தக்காரர்களின் பெயர்கள் ஐந்து தலைமுறைக்கு என் நாக்கில் இருக்கும். அந்தப் பெயரின் முன்பாதி என் மாமனாருடையது. பின்பாதி என் சித்தப்பாவுடையது. மச்சானின் அப்பாவையும் நம்பரின் அப்பாவையும் ஒட்டிப் போட்டால் வரும் பெயர். உலகத்தில் இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் அப்படி ஒரு பெயர் தோன்றாது. இருவரையும் பார்த்தேன். மச்சான் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். இவள் பதிவேட்டில் கண்ணை ஊன்றியிருந்தாள்.

"நம்ம லைப்ரரில இது இருக்கா மேடம்?" என்றார் முதல்வர்.

"பதிவேட்டுல இப்படி ஒரு புத்தகம் இல்ல சார்."

ஒவ்வொரு சொல்லும் நிஜம். வாங்காத புத்தகம் பதிவேட்டில் எப்படி இருக்கும்?

"கம்ப்யூட்டர்ல இருந்துச்சு சார்" என்றாள் அந்தப் பெண். "நான் பார்த்தேன். போன மாசம்கூட இருந்துச்சு."

நம்பர் கம்ப்யூட்டரைத் தட்டி முதல்வர் பக்கம் திருப்பினாள். ஒன்றுமில்லை என்று காட்டியது.

"மேடம், இருந்துச்சு மேடம். நீங்கதானே வகுப்புல சொன்னீங்க? வெளில கண்டதையும் நம்பாதீங்க, நம்ம லிஸ்ட்ல இருந்தா கண்ண மூடிட்டு நம்பலாம்னு. அலமாரில கட்டைகூட இருக்கு. இந்த ஐயாவக் கேளுங்க, பைண்டிங் போயிருக்குன்னு சொன்னாரு."

முதல்வர் என் பக்கம் திரும்பினார். "என்னய்யா, அந்தப் புத்தகத்த நீ பார்த்திருக்கியா?"

நான் என் தங்கையைப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை.

"பார்க்கலைங்க" என்றேன்.

அதுவும் நிஜம்தான். அதற்குமேல் என் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. நான் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடி கேட்டால் சொல்லிவிடுவேன் என்பதுபோலப் பார்த்தாள். அதை இன்றைக்கும் என்னால் தாங்க முடிவதில்லை. விளக்கம் எழுதிக்கொடுக்க அவளுக்குப் பத்து நாள் கெடு கொடுத்து அனுப்பினார்கள்.

நூலகத்துக்குத் திரும்பியதும் 331 அலமாரிக்குப் போய்க் கட்டையை உருவினேன். கொண்டுவந்து நம்பரின் மேஜையில் வைத்தேன்.

"யாரு வெச்சது இத?" என்றாள்.

"நான்தான். லிஸ்ட்ல இருந்துச்சு, அலமாரில இல்ல. நீ எங்கிட்ட சொன்னியா?"

சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. அப்போதுதான் முழுக் கதையையும் சொன்னாள்.

"சித்தப்பா பேர எதுக்கும்மா சேர்த்த?"

"வெளையாட்டுக்குண்ணே. அவர் அவங்க அப்பா பேரப் போடலாம்னாரு. நான் மட்டும் சும்மா விடுவேனா?"

"கம்ப்யூட்டர்ல இருந்து எப்ப எடுத்த?"

கட்டையில் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "நேத்து சாயங்காலம்" என்றாள். "விசாரணைக்கு வரச் சொல்லி ஓலை வந்துச்சு. அதுல அந்தப் பேரப் பார்த்தேன். கை தானாப் போயி அழிச்சிடுச்சுண்ணே."

மச்சான் வந்தான். கட்டையைப் பார்த்ததும் எனக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டான்.

"அத்தான், நீங்க அவசரப்படாதீங்க. மூணு வருஷத்த ஒரு வருஷமாக் குறைக்கச் சொல்றேன். என் பேச்ச எடுப்பாங்க."

"செய்யாத தப்புக்கு ஒரு வருஷம் சல்லிசா மாப்ளே?"

"செய்யலைன்னு எப்படி? பார்க்காத புக்கப் போட்டாளா இல்லையா?"

"நீ பொறக்காத புக்குக்கு மூணு வரி எழுதினியே."

அவன் உட்கார்ந்துவிட்டான். நம்பர்தான் பேசினாள். "சொன்னா வகுப்பு போயிடும்ணே. லைப்ரரியனுக்கு என்ன வேலைன்னு கேட்டவங்க வாயில நானே சர்க்கரை அள்ளிப் போட்டமாதிரி ஆயிடும். பதினோரு வருஷம்ணே."

'பார்க்கலைங்க' என்று சொன்ன வாய்க்குப் புத்தி சொல்ல என்ன யோக்கியதை? கட்டையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த மூன்று நாளும் அவள் 641-ஐப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காம் நாள் தேடும் வகுப்பு. படம் காட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். மச்சான் வழக்கம்போல ஜன்னலோரம் நின்றான். அவள் பலகைக்குப் போனாள். புத்தகத்தின் பெயரையும் எழுதினவர் பெயரையும் எழுதினாள். மச்சானுக்கு முகம் வெளுத்தது. இதைப் பற்றி இருவரும் பேசிவைக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

"இந்தப் புத்தகம் இருக்கா, இல்லையா? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"இது அந்த அக்கா பொய்யா எழுதின புக்குதானே மேடம்?" என்றது ஒரு குரல். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

சொன்னார்கள். பட்டியல், அலமாரி, பதிவேடு, மற்ற நூலகங்கள், அச்சிட்டவர்கள். எல்லாம் அவளே சொல்லிக்கொடுத்தவை. ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள்.

"அதெல்லாம் பார்த்தாச்சு. இன்னும் தெரியல. அப்புறம்?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "எழுதினவரையே கேட்டுடலாமே மேடம்" என்றாள்.

நம்பரின் கையில் சுண்ணாம்புக்கட்டி இரண்டாக உடைந்தது.

"கேளு" என்றாள்.

"யாரை மேடம்?"

"என்னை. இதை எழுதினது நான்தான். இப்படி ஒரு புத்தகம் இல்ல. உங்கள மாதிரிப் பசங்களுக்குப் பயிற்சி குடுக்க, நான் கற்பனை பண்ணி லிஸ்ட்ல ஏத்தினேன். எடுக்க மறந்துட்டேன். அந்தப் பொண்ணு அத நம்பிட்டா. விசாரணைக்கு முந்தின நாள் நானே அழிச்சேன். அழிச்சிட்டுப் போயி, அவ முன்னாடி, இல்லைன்னு சொன்னேன்."

அவள் பலகையில் கையை ஊன்றிக்கொண்டாள். ஜன்னலோரம் நின்ற மச்சான் மெல்ல நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். "அந்த மூணு வரி நான் எழுதினது" என்று மட்டும் சொன்னான். பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது.

அன்று மதியமே இருவரும் கடிதம் எழுதி முதல்வரிடம் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னேன். கட்டை வைத்தவன் நான், மூன்று தடவை பைண்டிங் என்று சொன்னவன் நான், கேட்டபோது மறைத்தவனும் நான் என்று அதில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். முதல்வர் மூன்றையும் படித்துவிட்டு, குடும்ப போட்டோ என்று அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

தடை போடவில்லை. அந்தப் பத்தியை எடுத்துவிட்டு ஆய்வேட்டை மறுபடி கொடுக்கச் சொன்னார்கள். ஆறு மாதம் வீணாயிற்று. தேடும் வகுப்பை நிறுத்திவிட்டார்கள். நம்பருக்கும் மச்சானுக்கும் எழுத்து மூலம் கண்டிப்பு வந்தது. முன்பு கேட்ட அதே துறைத்தலைவர் நூலகத்துக்கு வந்து, "மேடம், இந்த அலமாரில நெஜப் புக்கு எது, நீங்க எழுதினது எது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் எழுந்து நின்று கேட்டுக்கொண்டாள்.

பட்டம் வாங்குமுன் எல்லோரும் நூலகத்தில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், புத்தகம் எதுவும் திரும்ப வர வேண்டியதில்லை என்று. தையல்காரர் மகளும் வந்தாள். என்னைத் தாண்டிப் போனாள். படிவத்தை மேஜையில் வைத்தாள்.

"அம்மா, நான்..." என்று நம்பர் ஆரம்பித்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மேடம். கிளாஸ்ல சொன்னீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் அத உங்க வாயால கேக்கலை. நான் உள்ள வர்றதுக்கு முன்னாடியே அழிச்சிட்டீங்களா?"

"ஆமாம்மா."

"அப்போ நான் பேசப் பேச, நான் சொல்றது நெஜம்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அந்தப் பெண் தலையசைத்தாள். "கையெழுத்துப் போடுங்க மேடம், பஸ்ஸுக்கு நேரமாகுது."

போட்டாள். பேனா இரண்டு இடத்தில் எழுதாமல் நின்றது. அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனாள். சொல்லாமல் போயிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று நம்பர் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு அவள் ஓய்வு பெறும்வரை ஏழு வருஷம் வேலை பார்த்தாள். அந்த மரக்கட்டையை மேஜைமேல் தன்னைப் பார்த்தபடி நிறுத்தி வைத்திருந்தாள். புதிதாக வருகிறவர்கள் அது என்னவென்று கேட்பார்கள். முதலில் கொஞ்ச காலம் பேச்சை மாற்றினாள். பிறகு மாற்றுவதை விட்டுவிட்டாள். கேட்ட ஒவ்வொருவரையும் உட்காரவைத்து முதலிலிருந்து சொல்வாள், அழித்த சாயங்காலத்தை விடாமல். சில பேராசிரியர்கள் தங்கள் மாணவர்களை நாலைந்து பேராக அனுப்பத் தொடங்கினார்கள். நேர அட்டவணையில் இல்லை, பேரும் இல்லை. மச்சான் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்காருவான்.

சொல்லி முடிக்கும்போதெல்லாம் அவள் கண் என்னைத் தேடும். என் பங்கு பாக்கி இருக்கிறது அல்லவா? நான் துடைப்பதை நிறுத்திவிட்டு மேஜைக்குப் போவேன். "பைண்டிங்னு சொன்னது நான்தான். கேட்டப்போ பார்க்கலைன்னு சொன்னதும் நான்தான்" என்பேன். பிள்ளைகள் கட்டையைப் பார்ப்பார்கள், எங்கள் மூவரையும் பார்ப்பார்கள். அந்த இடத்தில் எப்போதும் எனக்கு முகம் சுடும். பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை.